பி.ஏ. சமூகவியல் படித்தால் டீச்சர் ஆகலாமா?

கேள்வி: என் மகளுக்கு பி.ஏ. சமூகவியலில் இடம் கிடைத்திருக்கிறது. முடித்ததும் பி.எட். சேர்த்துவிட்டால் அரசுப் பள்ளியில் வேலை நிச்சயம், இப்போதே முன்பணம் கட்டுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கட்டலாமா?
- ஒரு தாய், தென்காசி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் அம்மா. தமிழ்நாட்டில் சமூகவியல் படித்தவர் பி.எட். சேர பி.ஏ. போதாது, எம்.ஏ. வேண்டும். அதையும் முடித்தாலும், அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணி வரலாறு, புவியியல் படித்தவர்களுக்குத்தான். நம் பாடத்திட்டத்தின் பிளஸ் டூவில் சமூகவியல் பாடமே கிடையாது. அதற்கு முதுநிலை ஆசிரியர் பணியிடம் எங்கிருந்து வரும்? இதை அட்மிஷன் அன்றே ஒரு தாளில் எழுதி ஒட்டக் கல்லூரிகளுக்கு என்ன கஷ்டம்? யாரும் சொல்லாததால்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். நாளைக்கே ‘வெளி மாநில பி.எட்., வகுப்புக்குப் போகவே வேண்டாம்’ என்று வருவார்கள். அதையும் நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் சமூகவியல் விருப்பப் பாடம். எம்.ஏ., பி.எட். முடித்தவர் அங்கே ஆசிரியராகலாம். ஆனால் பள்ளியில் சி.பி.எஸ்.இ. பலகை தொங்கினால் மட்டும் போதாது. அந்தப் பாடத்தை அங்கே நடத்த வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் அறிவியலும் வணிகவியலும் வைத்தே நிறுத்திக்கொள்கின்றன. உங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளி நடத்துகிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் மகள் பெருநகரத்துக்குப் போகத் தயாரா என்பதையும் யோசியுங்கள்.

அதற்காகப் படிப்பை மாற்ற வேண்டாம். நல்ல படிப்பு. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், தொழிற்சாலை என்று வழிகள் இருக்கின்றன. குரூப் 1, குரூப் 2 எழுத இந்தப் பட்டமே போதும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். கல்லூரியில் பாடம் நடத்த ஆசையென்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், பிறகு நெட் அல்லது செட் என்கிற தகுதித் தேர்வு. தேறியவர்களை வருடக்கணக்கில் கௌரவ விரிவுரையாளராகவே வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கொடுமை.

மூன்று வருடத்தில் மகள் கணினியில் புள்ளிவிவரம் அலசப் பழகட்டும். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் களப்பணியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஆய்வு நிறுவனங்கள் நேர்காணலில் கேட்பது அதைத்தான்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.