கண் தாவும்போது ஸ்கேனில் என்ன தெரியும்? – கேள்வி பதில்

கேள்வி: படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டுதானே போகிறது? இதில் மூளைக்கு என்ன வேலை?

வழுக்குவதில்லை, தாவுகிறது, நொடிக்கு மூன்று நான்கு தடவை. சந்தேகமாக இருந்தால் வீட்டில் யாரையாவது பேப்பர் படிக்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்து அவர் கண்ணை மட்டும் பாருங்கள். அடுத்து எங்கே, எப்போது தாவுவது என்பது மூளையின் முடிவு.

கேள்வி: அந்தக் கட்டளை போவது எம்.ஆர்.ஐ.யில் தெரியுமா, சார்?

தெரியாது. நாங்கள் பார்ப்பது ரத்தத்தைத்தான். வேலை செய்த இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும், ஆக்சிஜன் ஏறியது கலைக்காது. இந்த வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா எலி மூளையில் காட்டினார். சிக்கல் என்னவென்றால், அந்த ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடி ஆகும். அதற்குள் கண் இருபது தடவை தாவிவிடும்!

கேள்வி: அப்புறம் எப்படித்தான் ஆராய்கிறீர்கள்?

சாமர்த்தியமெல்லாம் கொடுக்கிற வேலையில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது, கண் அசைவு ஆய்வாளர் பீட்டர் ஹாலட் 1978இல் எழுதிய எதிர்த்தாவல் சோதனை. திரையில் வலப்பக்கம் புள்ளி வந்தால் இடப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேனுக்குள் படுத்துச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். கண் முதலில் புள்ளிக்கே ஓடிவிடும், பிறகு அவசரமாகத் திரும்பும். இதன்போது எடுத்த ஸ்கேன் படத்திலிருந்து, புள்ளியைப் பார்க்கும் சாதாரணத் தாவலின் படத்தைக் கழித்தால், புள்ளியைப் பார்க்கும் ஆசையை அடக்கும் வேலை எங்கே நடக்கிறது என்று தெரியவரும். முன்மூளையில், கைகால் அசைவுக்கான பட்டைக்குச் சற்று முன்னால் ஒரு கண் பகுதி உண்டு. 1870களில் ஸ்காட்லாந்து நரம்பியல் மருத்துவர் டேவிட் ஃபெரியர் குரங்கின் முன்மூளையில் ஒரு பக்கம் மின்சாரம் கொடுத்தபோது, கண்கள் எதிர்ப்பக்கம் திரும்பின. எதிர்த்தாவலில் இந்தப் பகுதி கூடுதலாக வேலை செய்கிறது. புள்ளி வருவதற்கு முன்பே, தயாராகும்போதே.

கேள்வி: கண் உண்மையில் எங்கே போனது என்று எப்படித் தெரியும்?

தலைக்கு மேல் ஒரு கண்ணாடி, அதன் வழியே கண் பாப்பாவை, அதாவது கண்ணின் நடுவே உள்ள கறுப்பு வட்டத்தை, தொடரும் அகச்சிவப்பு கேமரா. இந்தப் பதிவு இல்லாத ஆய்வை நான் அரை மனதோடுதான் நம்புவேன். ஒரு வேண்டுகோள்: கண்மை போட்டுக்கொண்டு வராதீர்கள். கேமரா மையையும் பாப்பா என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: நடுமூளைக்கும் பங்கு உண்டாமே?

உண்டு, பெரிய பங்கு. ஆனால் அங்கே கண்ணைத் திருப்பும் மேடு பட்டாணி அளவுதான். போதாததற்கு, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அந்த இடமே அசையும். படம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கேள்வி: ஸ்கேனுக்குள் போனதும் எனக்குத் தலை சுற்றியது. பிரமையா?

பிரமை இல்லைங்க. வலுவான காந்தப்புலம் உள்காதின் திரவத்தைத் தள்ளுவதால் சமநிலை உறுப்பு ஏமாந்துபோகிறது. இருட்டில் கண் தானாகவே ஒருபக்கம் நகர்ந்து நகர்ந்து திரும்பும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதை விளக்கினார்கள். 7 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் நன்றாகவே தெரியும். கண்ணை ஆராய வந்த கருவியே கண்ணை ஆட்டுகிறது, பாருங்கள்.