பிளேக் போன பிறகு பம்பாய்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 ஊரடங்கில் தி. நகர் ஃப்ளாட்டில் ஐந்து பேர் அடைந்து கிடந்தோம். அப்போதே முடிவெடுத்து, செங்கல்பட்டுக்கு அப்பால் மனை வாங்கி வீடும் கட்டிவிட்டேன். ஜன நெருக்கம்தான் தொற்றை வளர்க்கிறது. நகரத்தை நாலாபக்கமும் பரப்பிவிடுவதுதானே நீடித்த வளர்ச்சி? நீங்கள் ஏன் நெருக்கமான நகரத்தையே ஆதரித்து எழுதுகிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

புது வீட்டுக்கு வாழ்த்துகள். ஆனால் உங்கள் கணக்கு ஓர் இடத்தில் உதைக்கிறது. ஒரு தெருவில் எத்தனை பேர் என்பது வேறு, ஓர் அறைக்குள் எத்தனை பேர் என்பது வேறு. கொரோனாவுக்குத் தோதாக இருந்தது இரண்டாவது.

நீங்கள் சொல்லும் வைத்தியத்தை ஏற்கெனவே ஓர் ஊரில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களில் ஊரே காலியாகத் தொடங்கியது. இருட்டும் காற்றில்லாத சால்களும்தான் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக அடுக்கிய குடியிருப்புகள்) காரணம் என்று அரசாங்கம் நினைத்தது. 1898-ல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்து, நெரிசலான குடியிருப்புகளை இடித்தார்கள். கடற்காற்று ஊருக்குள் வரட்டும் என்று அகலமாகச் சாலை போட்டார்கள். இதில் வேடிக்கை, அதே 1898-ல் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக்கைப் பரப்புவது எலித்தெள்ளு என்று கராச்சியில் காட்டிவிட்டார். தெள்ளுப்பூச்சிக்குக் கடற்காற்று என்ன செய்யும்?

சரி, வீடு இழந்தவர்கள் எங்கே போனார்கள்? தாதர், மாட்டுங்கா பக்கம் டிரஸ்ட் மனை பிரித்தது. அது மாதச் சம்பளக்காரர்களுக்கு. நம்மவர்கள் மாட்டுங்காவில் குடியேறி ஃபில்டர் காபி மணக்கச் செய்தது அப்புறம் வந்த கதை. துறைமுகக் கூலிக்கும் மில் தொழிலாளிக்கும் நடக்கும் தூரத்தில்தான் பிழைப்பு. அவர்கள் பக்கத்துச் சாலில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள்.

அதே ஊரின் குடிசைப் பகுதியான தாராவியில் 2020 ஏப்ரலில் கொரோனா நுழைந்தபோது எல்லோருக்கும் பகீரென்றது. பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர், விடிவதற்குள் பொதுக் கழிப்பறை வாசலில் வாளியோடு வரிசை. ஆறடி விலகி நில் என்று யாரிடம் சொல்வது? மாநகராட்சி வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தது, பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் ஆட்களைத் தனியாக வைத்தது, கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவியது. தொற்று கட்டுக்குள் வந்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே அதை உதாரணமாக எடுத்துச் சொன்னார். தாராவியைக் கலைக்காமலேதான் இது நடந்தது. அந்த அறையும் கழிப்பறையும் மட்டும் மாறவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

தி. நகரில் மருந்துக்கும் காய்கறிக்கும் நடந்தே போயிருப்பீர்கள். இப்போது பால் பாக்கெட்டுக்கும் வண்டி எடுக்கிறீர்களா இல்லையா? ஆயிரம் பேர் அப்படிக் குடிபோனால், சாலையும் குடிநீர்க் குழாயும் அவ்வளவு தூரம் நீள வேண்டும். வயலும் ஏரியும் மனையாக வேண்டும்.

அப்புறம் ஒன்று. மழைக்கு முன்னால் தாலுகா ஆபீஸ் போய், உங்கள் மனையின் சர்வே நம்பர் பழைய பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது எனப் பார்த்துவிடுங்கள். வாய்க்கால் என்று இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.