தானாக முளைத்த பழ மரக் கன்றைப் பிடுங்கிவிட்டு ஒட்டுக்கன்று வைப்பதுதான் நல்லதா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சமையல் கழிவு கொட்டும் இடத்தில் இரண்டு கன்றுகள் முளைத்திருக்கின்றன. ஏதோ பழ மரம் போலத் தெரிகிறது, என்ன மரம் என்று தெரியவில்லை. விதையில் வந்தது காய்க்காது, பிடுங்கிவிட்டு ஒட்டு வை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

பிடுங்காதீர்கள். என்ன மரம் என்று தெரியும்வரையாவது விட்டு வையுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஐந்தாறு சென்ட் இடம், புது வீடு, வந்து பார்த்த பெரியவர் யாரோ ஒருவர் "இதெல்லாம் காய்க்க இருபது வருஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வயதில் மூத்தவர் என்பதால் நீங்களும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டீர்கள். எனக்கும் அதேதான் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், திருவட்டாறு பக்கம். எங்கள் ஊரில் பலாவைச் சக்கை என்போம். பிறந்த வீட்டுப் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், பாட்டாவின் அப்பா வைத்த ஒரு வருக்கைச் சக்கை நின்றது. சுளை கெட்டியாக இருக்கும் ரகம்தான் வருக்கை. சுளை நல்ல மஞ்சள், பழுத்தால் தெருமுனை வரை மணக்கும். 2011-இல் சொத்து பாகம் பிரித்தபோது அந்த மரம் நின்ற பங்கு வேறு ஒருவருக்குப் போனது. அவர்கள் வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். வெட்டுவதற்கு முன் வந்த கடைசிக் காய்ப்பில் ஒரு பழத்தை அம்மா எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். சுளையைத் தின்று முடித்து, கொட்டையை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எண்ணிப் பார்த்தேன், 46 கொட்டை.

அதில் பாதியை வழுவழுப்புப் போகக் கழுவி, நாலாம் நாளே மண்ணில் வைத்தேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியிருந்தது. மீதியைப் பிறகு வைக்கலாம் என்று செய்தித்தாளில் பரப்பிப் பரண்மேல் வைத்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்து நட்டபோது அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பலாக்கொட்டை காய்ந்தால் செத்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நெல், பயறு மாதிரி காயவைத்துச் சேமிக்கிற விதை இல்லை இது. மா, நாவல், ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாமே இந்த வகைதான், பழம் தின்ற கையோடு மண்ணுக்குப் போக வேண்டும். சீத்தா விதை மட்டும் கெட்டி ஓடு, மாதக்கணக்கில் வைத்திருந்து, ஊறப்போட்டு நடலாம். பப்பாளிக்கு விதையைச் சுற்றியிருக்கும் அந்த வழவழப்பான உறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதுதான் முளைப்பைத் தடுக்கிறது.

முதலில் நட்டதில் மூன்றாம் வாரத்துக்குள் 17 முளைத்தன. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வைத்ததுதான் என் அடுத்த தவறு. பலாவின் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கப் பார்க்கும். பைக்கு அடியில் முட்டிச் சுருண்டுவிட்டது. மண்ணுக்கு மாற்றியபோது பல கன்றுகள் வாடின, சிலவற்றை ஆடு கடித்தது. கடைசியில் மூன்று மூடு, அதாவது மூன்று கன்று, மிஞ்சியது. இன்றைக்கு யாராவது கேட்டால், நிற்கப் போகும் இடத்திலேயே குழி எடுத்துக் கொட்டையை நேரடியாக வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, அடையாளம் காணும் விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் கணவரின் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். வாழ்நாள் முழுக்க மர வியாபாரம் செய்தவர். நிற்கிற மரத்தைப் பார்த்தே எத்தனை கன அடி தடி வரும் என்று சொல்லிவிடுவார். என் கன்றுகளைப் பார்த்ததும், "இது சக்கை இல்ல மக்கா, அயனி. இலையப் பாரு, கீறிக் கீறி இருக்கு. வீட்டுப் பக்கத்துல நிக்கப்பிடாது, பிடுங்கு" என்றார்.

அயனி என்பது பலாவின் இனத்தைச் சேர்ந்த காட்டு மரம், தடிக்கு வெட்டுவார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் கன்றுகளின் இலைகளில் பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் வெட்டு விழுந்து, மூன்று விரல் விரித்த மாதிரி இருந்தன. அயனிக் கன்றின் இலையும் அப்படித்தான் ஆழமாகப் பிளந்திருக்கும். கிள்ளினால் இரண்டிலும் வெள்ளைப் பால் வரும். இலை உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போன்ற தழும்பு இரண்டுக்கும் உண்டு. ஆனால் கொட்டையை நட்டது என் கை. "மாமா, நான் வச்சது வருக்கைக் கொட்டையாக்கும்" என்றேன். "பறவை கொண்டு போட்டிருக்கும்" என்றார். கணவர் உட்பட வீட்டில் எல்லாரும் அவர் பக்கம்தான்.

அன்று சாயங்காலமே ரப்பர் விளைக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போய், அயனி மரத்தடியில் முளைத்திருந்த ஒரு கன்றை வேரோடு எடுத்து வந்து என் கன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அயனியின் இளந்தண்டு முழுக்கப் பழுப்பு ரோமம், தடவினால் கை சொரசொரக்கும். என்னுடையது கிட்டத்தட்ட மழமழவென்று இருந்தது. அப்புறம் மண்ணைக் கையால் மெல்ல விலக்கி, தண்டின் அடியில் பார்த்தேன். ஒன்றின் அடியில் மட்டும், மக்கிப்போன கொட்டைத் தோலின் துண்டு இன்னும் ஒட்டியிருந்தது. அயனிக் கொட்டை சிறியது, இந்த அளவு வராது. அதைக் காட்டிய பிறகுதான் பிடுங்கும் பேச்சு நின்றது. நாலாம் வருடத்தில் புதிதாக வந்த இலைகள் எல்லாம் வெட்டில்லாமல் முழுசாக வந்தன. பலாவின் அறிவியல் பெயரில் வரும் 'ஹெட்டிரோபில்லஸ்' என்ற சொல்லுக்கே வேறு வேறு வடிவ இலை கொண்டது என்றுதான் பொருள். சின்ன மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குப் பெரிய மரம் தெரியும். ஒரு முழக் கன்றை யாரும் அவரிடம் விற்க வந்ததில்லை, அவ்வளவுதான்.

நீங்களும் இதையே செய்யுங்கள். கன்று சின்னதாக இருந்தால் அடி மண்ணைத் தோண்டி விதையின் ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். மாங்கொட்டை, பலாக்கொட்டை எல்லாம் மண்ணுக்குள்ளேயே தங்கும். கொல்லாமாவு, அதாவது முந்திரி, அப்படி இல்லை, தடித்த பச்சை விதையிலை இரண்டும் மேலே வந்து விரியும். மா, முந்திரி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதை வைத்தே பிரிக்கலாம். பெரிதாகிவிட்டால், மாவிலை நுனி கூர்மை, முந்திரி இலை நுனி உருண்டை. மாவின் கொழுந்து செம்பு நிறத்தில் தொங்கும், கசக்கினால் மாங்காய் மணம் வரும். கொய்யாவின் இளங்கிளை நாலு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிரே வரும். கிள்ளினால் மஞ்சள் பால் வந்து, இலை தோல் மாதிரித் தடித்து எதிரெதிரே இருந்தால் மங்குஸ்தானாக இருக்கலாம், அதற்கு நீங்கள் அந்தப் பழம் வாங்கித் தின்றிருக்க வேண்டும். இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்: சென்ற வருடம் அந்த இடத்தில் எந்தப் பழத்தின் கழிவைக் கொட்டினீர்கள்?

விதையில் வந்தது காய்க்காது என்பது பொதுவாகத் தப்பு. காய்க்கும். தாய் மாதிரியே காய்க்குமா என்பதுதான் கேள்வி, அது மரத்துக்கு மரம் மாறும். மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவது, கன்று தாயின் அச்சு. ஆனால் காய்க்கப் பத்து வருடம்கூட ஆகலாம். மாவில் இரண்டு ரகம் உண்டு. எங்கள் பக்கத்து வெள்ளக்கொளம்பன், கேரளத்து ஒளூர், சந்திரக்காரன் இவற்றின் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நாலு முளை வரும். அதில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே வருபவை, தாயைப் போலவே காய்க்கும். அல்போன்சா, பங்கனப்பள்ளி கொட்டையில் ஒரு முளைதான், அது கலப்பு, என்ன சுவை வரும் என்று சொல்ல முடியாது. ரம்புட்டானில் ஆண் மரம் உண்டு, அது பூத்துக்கொண்டே இருக்கும், காய்க்காது. அதற்கு மட்டும் நானே ஒட்டு வாங்கத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் சிலர் சண்டைக்கு வருவார்கள், ஒட்டுக்கன்றுக்கு எதிரானவள் என்று. இல்லை. என் வீட்டில் ஒட்டு மா இரண்டு நிற்கிறது. இடம் குறைவு, இன்ன ரகம்தான் வேண்டும், மூன்று நாலு வருடத்தில் காய் வேண்டும் என்றால் ஒட்டுதான் சரி. ஆனால் ஒட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் ஒட்டு இல்லை. 2016-இல் ஒரு நர்சரியில் 450 ரூபாய் கொடுத்து ஒட்டுப் பலா ஒன்று வாங்கினேன். சீட்டும் தொங்கியது. இரண்டு வருடம் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன், ஒட்டிய மேல்பகுதி எப்போதோ காய்ந்து, அடிக்கன்றின், அதாவது ஒட்டுவதற்கு அடியாக வைத்த கன்றின், துளிர்தான் மரமாகியிருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்டேன், நீங்கள் சரியாகத் தண்ணீர் விடவில்லை என்றார்கள். வாங்கும்போது ஒட்டிய முடிச்சு எங்கே இருக்கிறது, பச்சைத் துளிர் அதற்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று பாருங்கள். கீழே வந்தால் கிள்ளிவிட வேண்டும்.

என் மூன்று மூட்டின் கதையை முடிக்கிறேன். ஏழாம் வருடம், 2018-இல், முதல் மரம் பூத்தது. விரல் நீளத்தில் வந்து, கறுத்து, பூசணம் பிடித்து விழுந்தன. நோய் என்று நினைத்து நான் அழுதே விட்டேன். அது ஆண் பூ. பலாவில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும், இளமரத்தில் முதலில் வெறும் ஆண் பூவே வருவது சகஜம், வேலை முடிந்ததும் அது கறுத்து விழத்தான் செய்யும். நீங்கள் இதைப் பார்த்தால் மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். அடுத்த வருடம் ஐந்து காய் நின்றது. பழுத்து வெட்டிப் பார்த்தால் கூழன். சுளை குழைந்து, விரலில் வழுக்கியது. ஒரு வாரம் எனக்கு மனசே சரியில்லை. இரண்டாவது மரம் 2020-இல் காய்த்தது, வருக்கை. சுளை தாயைவிடக் கொஞ்சம் வெளிர், மணம் அதே மணம். அம்மா ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு, "நம்ம புரையிடத்துச் சக்கை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கூழனை யாரும் சீந்துவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அடை, கும்பிளப்பம் என்று இலையில் வைத்து அவிக்கும் பலகாரங்களுக்குக் கூழன் மாதிரி வராது, அரைக்காமலே மாவோடு பிசையலாம். எங்கள் மாமியார் அதிலேயே வெல்லம் போட்டு, வரட்டி என்ற இனிப்பாகக் கிளறி வைப்பார். போன வருடம் உறவில் ஒரு கல்யாணம். சக்கைப் பிரதமன் என்ற பாயசத்துக்கு நான் வரட்டி தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லியும், சமையல் பொறுப்பெடுத்தவர்கள் பாக்கெட் கலவையும் வாசனைத் துளியும் போட்டு இறக்கிவிட்டார்கள். இலையில் விழுந்ததில் சக்கை இழை ஒன்றுகூட இல்லை. சித்திரை, வைகாசியில் வழியெல்லாம் பழம் விழுந்து அழுகிற ஊரில், வாசனைத் துளியில் சக்கைப் பிரதமன் வைக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் இதை எங்கேதான் சொல்வது?

மூன்றாவது மரம் இன்னும் பூக்கவில்லை. தென்னைகளுக்கு நடுவே நிழலில் நிற்கிறது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். போன துலா மழைக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு, முன் பக்கத்துத் தென்னையின் தாழ்ந்த ஓலைகளைக் கழித்துவிட்டேன்.

உங்கள் கன்றுகளின் இலையை முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். கிள்ளினால் பால் வருகிறதா, வந்தால் வெள்ளையா மஞ்சளா என்றும் எழுதுங்கள். பலாவாக இருந்து, வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடிக்குள் இருந்தால், அடுத்த மழைக்கே வேர் அறுபடாமல் ஆழமாகத் தோண்டி மண்ணோடு மாற்றிவிடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்காதீர்கள்.