கேமரா வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். மாலையில் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் மாணவர்களுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்க எண்ணுகிறேன். முன்னாள் மாணவர் ஒருவர் கேமரா வாங்கித்தர முன்வந்திருக்கிறார். எதை வாங்கலாம்? போதை ஒழிப்புக் குறும்படத்தோடு தொடங்கலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கேமரா வேண்டாம். விலை உயர்ந்த பொருள் பள்ளிக்கு வந்தால் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போய்விடும்; ஆண்டுவிழாவுக்குத்தான் வெளியே வரும். உங்கள் கைப்பேசியே போதும். அந்தப் பணத்தில் சட்டையில் மாட்டும் மைக்கும் ஹார்ட் டிஸ்க்கும் கேளுங்கள். மாணவர் படங்களில் முதலில் காலை வாருவது ஒலிதான்.

போதை ஒழிப்பும் வேண்டாம். கருத்துச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்த அழுகையைத்தான் திருப்பித் தருவார்கள். ஒருவன் தள்ளாடுவான், ஒருத்தி தலையில் அடித்துக்கொள்வாள், கடைசியில் எல்லோரும் உறுதிமொழி எடுப்பார்கள். எனக்குப் பார்த்துச் சலித்துவிட்டது.

சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியர் சகோதரர்கள் 1895இல் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடிதான். அவர்களுடைய கருவியில் அவ்வளவு படச்சுருள்தான் கொள்ளும். ஒரே ஷாட், அசையாத கேமரா. பிரான்சில் 1995இல் தொடங்கிய பள்ளித் திட்டம் ஒன்று இதையே மாணவர்களுக்குப் பயிற்சியாகத் தருகிறது. 'லூமியர் நிமிடம்' என்று பெயர். நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள்.

சம்பா அறுவடை முடிந்து உங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்துகிடக்கும்போது பிள்ளைகளை அழைத்துப்போங்கள். கேமராவை எங்கே வைப்பது? நெல் தூற்றுபவர்களுக்கு எதிரேயா, 40 கிலோ மூட்டையைத் தராசில் ஏற்றுபவரின் பக்கத்திலா, முறை வராமல் குவியலருகே உட்கார்ந்திருக்கும் விவசாயியின் முதுகுக்குப் பின்னாலா? ஆளுக்கோர் இடம் சொல்லிச் சண்டை போடுவார்கள். தீர்த்துவைக்காதீர்கள். அவரவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு நிமிடம் எடுக்கட்டும். மறுநாள் எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் போட்டு, யார் படத்தில் என்ன தெரிகிறது, என்ன மறைந்துபோகிறது என்று அவர்களையே பேசவிடுங்கள். எடிட்டிங் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

கைப்பேசியைக் கிடைமட்டமாக, செங்கற்களை அடுக்கி அவற்றில் சாய்த்து வைக்கலாம். லென்ஸைத் துடையுங்கள். நடுவே அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போடுங்கள். எடுக்கப்படுகிறவர்களிடம் அனுமதி கேட்பதும் மாணவர்களின் வேலையாகவே இருக்கட்டும்.

பஸ் நேரத்தை விசாரித்துவிட்டு வகுப்பு நேரத்தை வையுங்கள். இருட்டுமுன் வீடு சேர முடியாவிட்டால் மாணவிகள்தான் முதலில் நின்றுபோவார்கள். வெளியில் எடுப்பதைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.