முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர், யாரைப் பார்ப்பது?

கேள்வி: சேலத்தில் பி.எஸ்சி. முதலாண்டு. இரண்டு தாளில் அரியர். இன்டர்னல் 18 இருந்தும் ஃபெயில், ஏன்?

முதலில் உங்கள் வகுப்பு டியூட்டர், பிறகு துறைத்தலைவர். நேராகத் தேர்வுப் பிரிவு ஜன்னலுக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

18 ஏன் காப்பாற்றவில்லை? வழக்கமான 25+75 முறையில் (இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75) மொத்தம் 40 எடுத்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக 75க்கு 30 வேண்டும். 18+28 = 46, ஆனாலும் ஃபெயில். மாறாக இன்டர்னல் 7 என்றால், மொத்தம் 40 வர எழுத்தில் 33 வேண்டும். அரியருக்குப் பெரும்பாலும் பழைய இன்டர்னலே தொடரும். பெரியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியா, தன்னாட்சியா என்பதைப் பொறுத்து விதி மாறும். உங்கள் ஆண்டு ரெகுலேஷனை (தேர்வு விதித் தொகுப்பை) டியூட்டரிடம் கேட்டு வாங்குங்கள். சீனியர் சொல்வது பழைய விதியாக இருக்கலாம்.

எழுத்துத் தேர்வில் 28, 29 என்றால் விடைத்தாள் நகல் கேளுங்கள். கூட்டலும், திருத்தாமல் விட்ட விடையும் அதில்தான் தெரியும். பார்த்துவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாம். கெடு சில நாட்கள்தான். மறுமதிப்பீட்டு முடிவு வரும்வரை காத்திராமல் அரியர் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள், இல்லையேல் ஹால் டிக்கெட்டில் அந்தத் தாள் வராது.

இன்னொன்று, வருகைப்பதிவு. ஏற்காட்டிலிருந்து தினம் இறங்கி வருபவர்களுக்குப் பஸ் பிந்தினால் முதல் பீரியட்தான் போகும். அதே பாடம் வாரம் மூன்று நாள் முதல் பீரியடில் இருந்தால் தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகை சத்தமில்லாமல் சரியும். மாதாமாதம் கணக்குப் பாருங்கள், பஸ் சிக்கலை டியூட்டரிடம் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள்.