தவறான விடையிலிருந்து தொடங்கும் பாடம்: ஒரு கணித ஆசிரியரிடம் கேள்விகள்

(தமிழ்நாட்டின் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர், கல்வி பற்றிய தம் பார்வை குறித்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை: ஐயா, கற்பித்தலில் நீங்கள் அடிப்படையாகக் கொள்வது எது?

மாணவர் எழுதும் தவறான விடைக்கும் அவரளவில் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த பிறகே என் வேலை தொடங்குகிறது. பாடம் சொல்லும் முறையை வகுக்கும் நன்னூல், ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ என்கிறது. பிள்ளைகள் எப்படி உள்வாங்குகிறார்கள் என்று பாராமல் பாடப்பகுதியை முடித்துவிடுவதைக் கற்பித்தல் என்று நான் கருதுவதில்லை.

அதே ஆசிரியை: வகுப்பில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

மூன்றையும் இரண்டையும் கூட்டி வர்க்கப்படுத்தச் சொன்னால், 9, 4 என்று தனித்தனியே வர்க்கப்படுத்தி, 13 என்று எழுதும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் பலர் உண்டு. உடனே கரும்பலகையில் (a + b)² = a² + 2ab + b² என்ற சூத்திரத்தை எழுதிப் போட்டால் மனப்பாடம் செய்துகொள்வார்கள். அடுத்த வாரம் அதே தவறு திரும்ப வரும். ஆகவே வரைபடத்தாளில் பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றை வரையச் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று, இரண்டு எனப் பிரிக்கச் சொல்வேன். 9 கட்டங்களும் 4 கட்டங்களும் வண்ணம் பெற்ற பிறகு, ஆறு ஆறு கட்டங்களாக இரண்டு செவ்வகங்கள் வெறுமையாக நிற்கும். “சார், இதை விட்டுட்டோம்” என்று ஏதேனும் ஒரு பெஞ்சிலிருந்து குரல் வரும். சூத்திரத்தின் நடு உறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுபவரிடமும், “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அது அரையைவிடக் குறையுமா?” என்று மட்டுமே கேட்பேன்.

ஒரு பெற்றோர்: பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது? மெல்லக் கற்போர் 35 மதிப்பெண் எடுத்தால் போதாதா?

தேர்ச்சியை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. மேல்நிலை வகுப்புக்கும் பாலிடெக்னிக்கிற்கும் அதுவே வாசல். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 என்று கணக்கிட்டு, அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப எழுத வைக்கும் வழக்கம் எனக்குத் தெரியும், திருப்புதல் தேர்வுக் காலத்தில் நானும் அதைச் செய்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதையும் அதற்கே கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதைப் புரிந்துகொண்டவர், வரைமுறையில் ஒரு படி மறந்தாலும் தாமே தேடிக்கொள்வார்.

மற்றொரு பெற்றோர்: கண்டிப்பு இல்லாமல் படிப்பார்களா?

அடியையும் மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அஞ்சும் பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்துச் சரியான விடையை எழுதிவிடும். அதன் பின் எதைத் திருத்துவது? வீட்டுப்பாடத்தை முடிக்கச் சொல்லும் கண்டிப்பு வேறு, அது வேண்டும்.

கல்வியியல் மாணவி: நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் தவறையும் பார்க்க முடியுமா ஐயா?

ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் செய்யச் சொல்லி, பெயரோடு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடாமல், தவறுகளின் வகையைப் பார்த்துத் தாள்களைப் பிரித்தால், பெரும்பாலும் மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் வராது. மிகப் பெரிய அடுக்கிலிருந்து மறுநாள் பாடத்தைத் தொடங்குங்கள். எந்த அடுக்கிலும் சேராத தாளுக்கு உரியவரை மதிய உணவுக்குப் பின் அருகில் உட்காரவைத்து, அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லியபடி செய்யச் சொல்லுங்கள்.