பித்தளை ஏன் சிவந்தது?

கேள்வி: ஐயா, நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன். தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் ஓடாமல் கிடந்தது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருந்த உறவினரிடமிருந்து ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் பழைய அல்ட்ராசோனிக் கிளீனரை வாங்கி வந்தேன். வெந்நீரில் நான்கு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கலந்து, கழற்றிய பாகங்களை ஒன்றாகப் போட்டு 40 நிமிடம் ஓட்டினேன். அழுக்குப் போய்விட்டது. ஆனால் பித்தளைச் சக்கரங்கள் செம்பு நிறமாகிவிட்டன. எஃகு அச்சுகளிலும் சிவப்பு ஏறியிருக்கிறது. கடிகாரம் கெட்டுவிட்டதா? இனி எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: கெடவில்லை. ஆனால் இன்னொரு முறை அந்தத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். எலுமிச்சை உப்பு ஓர் அமிலம். முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் அது மேலே படிந்த கறையைக் கரைக்கும். அதற்காகத்தான் நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். கறை தீர்ந்த பிறகும் அமிலம் சும்மா இருப்பதில்லை. துத்தநாகம் முதலில் கரைந்து போகும், செம்பு பின்தங்கும். உங்கள் சக்கரங்களில் தெரிவது அப்படிப் பின்தங்கிய செம்புதான்.

அச்சில் ஏறிய சிவப்பு வேறு கதை. பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு, அது செம்பு பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பித்தளையிலிருந்து கரைந்த செம்பு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்க, அதே தொட்டியில் எஃகையும் போட்டீர்கள். ஆணிக்கு நடந்ததுதான் அச்சுக்கும் நடந்தது. வெளிநாடுகளில் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைக் கழுவி மறுபடி மருந்து நிரப்பும் துப்பாக்கிப் போட்டிக்காரர்களும் இதே இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறை ரோஸ் நிறமாகிவிட்டது என்பது அவர்களிடமும் பழகிப்போன புலம்பல். காரணமும் இதே அளவு மீறிய அமிலம், அளவு மீறிய நேரம்.

இரண்டு படலமும் மெல்லியவை. சக்கரங்களைத் தாங்கும் பிளேட்டுகளின் மேற்பரப்பை மெட்டல் பாலிஷ் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். சக்கரத்தின் பற்களைத் தேய்க்க வேண்டாம்; நிறம் அப்படியே இருந்தாலும் ஓட்டத்துக்குக் கேடில்லை. அச்சு நுனிகளில் மட்டும் சிவப்பு இருக்கக் கூடாது. மூங்கில் குச்சியின் முனையில் அதே பாலிஷைத் தொட்டு, நுனியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வந்துவிடும். விளக்கு தேய்க்கும் பொடி கடிகாரத்தின் பக்கமே வரக் கூடாது. அது மணல் மாதிரி அறுக்கும்.

இனி முறையாகச் செய்வது எப்படி என்று சொல்கிறேன். பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. கடிகாரம் ஓடுவதற்குத் தேவை சுத்தம் மட்டும்தான். ஆகவே அமிலமே வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை ஸ்பூன் போதும். சூடு 50 டிகிரி அளவில் இருக்கட்டும். கொதிக்கவிட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஒலி அதிர்வில் தண்ணீருக்குள் நுண்ணிய குமிழிகள் பிறந்து நொறுங்குகின்றன. அந்த நொறுங்கலின் அடிதான் அழுக்கைப் பெயர்க்கிறது. தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால் அந்த அடியில் வலுவிருக்காது. புதிதாக ஊற்றிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் அடியை மந்தமாக்கும். ஆகவே பாகங்களைப் போடுமுன் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

பழைய இயந்திரம் என்கிறீர்கள். அலுமினியத் தாள் ஒரு துண்டைத் தொட்டியில் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தாள் முழுவதும் பொத்தலும் புள்ளியுமாக வந்தால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தால், அந்தப் பக்கம் வேலை செய்யவில்லை. பாகங்களை அடித்தகட்டில் நேராகக் கிடத்தாமல் கூடையில் வையுங்கள். சிறிய பாகங்களைக் கண்ணாடிக் குவளையில் சோப்புத் தண்ணீரோடு போட்டு, குவளையைத் தொட்டித் தண்ணீரில் இறக்கலாம். அதிர்வு கண்ணாடியைத் தாண்டி வரும். திருகாணி தொலையாது என்பது கூடுதல் லாபம். ஐந்தைந்து நிமிடமாக ஓட்டி, நடுவில் எடுத்துப் பாருங்கள்.

நான் தொழில் படித்த கடையில் ஒயிட் பெட்ரோல் கிண்ணமும் தூரிகையும்தான் எல்லாம். அந்தப் பழக்கத்தில் யாராவது பெட்ரோலைத் தொட்டியில் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். சூடேற்றியும் மின்சாரமும் சேர்ந்த பெட்டி அது. ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய், தின்னர் எதுவுமே ஆகாது.

அம்மோனியாவையும் யாராவது சொல்வார்கள். பித்தளையை அது கண்ணைப் பறிக்கும்படி துலக்கும், உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, வடிவமைக்கும்போது உள்ளிறுக்கம் ஏறிய பித்தளையைப் பிளந்தது என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. அம்மோனியா கரைசலை விரும்பும் கடிகாரக்காரர்கள் இன்றும் உண்டு. நான் தொடுவதில்லை.

கழற்றும்போது, சாவி கொடுத்தால் முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கத்தை முழுவதும் தளர்த்தினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தளர்த்தாமல் பிளேட்டைப் பிரித்தால் சக்கரங்கள் பறக்கும், விரல் கிழியும். இனிமேல் அதுதான் முதல் வேலை. டயல், முட்கள், பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகடு ஆகியவை தொட்டிக்குள் போகக் கூடாது. எண்கள் அழிந்த டயலைப் பழையபடி ஆக்குவது கடினம்.

இயந்திரம் எட்டாத ஓர் இடம் உண்டு: பிளேட்டில் அச்சு நுழையும் துளைகள். பல ஆண்டு எண்ணெய் அங்கே கறுத்துப் பிசினாகியிருக்கும். எரிந்து முடிந்த ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, துளையில் விட்டுத் திருகுங்கள். முதல் குச்சி கரி பூசிக்கொண்டு வரும். மறுபடி சீவி மறுபடி திருகுங்கள். வெள்ளையாக வெளியே வரும்வரை விடாதீர்கள். என் கணக்கில் இது தொட்டி வேலையைவிட முக்கியம்.

கழுவிய பின் அலசுவதில்தான் நம் ஊர் தண்ணீர் காலை வாரும். உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு பெட்ரோல் பங்கில் கிடைக்கும், உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீர் ஒரு லிட்டர் போதும். உடனே துணியில் ஒற்றி, ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். மெதுவாகக் காயவிட்டால் எஃகு துருப்பிடிக்கும். செம்பு கரைந்த அந்தப் பழைய எலுமிச்சைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

மறுபடி பூட்டும்போது அச்சுத் துளைகளுக்கு மட்டும் கடிகார எண்ணெய், ஊசிமுனையில் நிற்கும் அளவு. பற்களுக்கு எண்ணெய் கூடாது, தூசி ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், பிறகு பசையாகும். மாட்டிய பின் டிக், டாக் இரண்டும் ஒரே இடைவெளியில் கேட்கும்வரை பெட்டியை இடம் வலமாகச் சிறிது சாய்த்துப் பாருங்கள். அப்படியும் சில மணி நேரம் ஓடி நின்றால், எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், முதலில் முட்கள் உரசுகின்றனவா என்று பாருங்கள்.